போதை என்ற சொல்லும் சித்தியின் வலியும்

தாம்பரம், பல்லாவரம் பகுதிச் செய்திகளை நாளிதழில் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடமாகியிருக்கும். ரயில் நிலையத்துக்கு அருகிலோ ஏரிக்கரையிலோ சந்தேகத்துக்கிடமாக நின்ற வாலிபர்கள், போலீஸைக் கண்டதும் ஓட்டம், மடக்கிப் பிடித்துச் சோதனை, பையில் இத்தனை நூறு ‘வலி நிவாரணி மாத்திரைகள்’, வழக்கு, சிறை. பெயரும் வயதும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் தனி மாநகரக் காவல் ஆணையரகம் ஆன பிறகு இது இன்னும் அடிக்கடி கண்ணில் படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். போலீஸ் இருக்கிறது, வாலிபன் இருக்கிறான், மாத்திரை இருக்கிறது. ‘வலி நிவாரணி’ என்று அச்சிட்ட பிறகும், யாருடைய வலிக்காக அந்த மாத்திரை செய்யப்பட்டது என்ற கேள்வி எழாமல் செய்தி முடிந்துவிடுகிறது.

அந்த 2022 ஆடி மாதம் பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் என் சித்தி படுத்திருந்தாள். கருப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த இரண்டாம் வருடம் திரும்பி வந்தது. இடுப்புக்குள் நரம்புகளை அழுத்தி இடது காலில் இறங்கியது. மெப்ஸ் வளாகத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் 19 வருடம் தையல் மெஷின் பெடலை அழுத்திய கால் அது. ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். எங்கள் தெருமுனைப் பள்ளியின் ஒலிபெருக்கி வழியாக அது வீட்டுக்குள் வந்தது. அம்மன் கோயில் பாட்டும் கூடவே வந்தது. சித்தி துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் மாடிவீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

சித்தியை முதலில் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்தது தூக்க மாத்திரை. ‘பயப்படறாங்க, அதான் வலி அதிகமாத் தெரியுது’ என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஃபீஸ்கூட வாங்கவில்லை. ஆனால் பெண் வலி என்று சொன்னால் அதைப் பதற்றம் என்று கேட்கும் காது மருத்துவத்துக்குப் பழையது. டயேன் ஹாஃப்மன், அனிதா டார்ஸியன் இருவரும் 2001-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பெண்களின் வலி குறைவாகவே நம்பப்படுகிறது, குறைவாகவே மருந்து பெறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பிரசவ வலியையே தாங்கினவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று பாராட்டுவதுபோல வாயை அடைப்பது. தமிழில் ‘வலி’ என்றால் வலிமை என்றும் பொருள்; திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் நோவைப் பற்றியது அல்ல, பலத்தைப் பற்றியது. அந்தப் பழைய பொருளைப் பெண்களுக்கு மட்டும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம் போல.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் டிரமடால் எழுதினார். சீட்டை எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் நான்கு கடை ஏறினேன். எங்கள் தெருக்கடைத் தம்பி மட்டும் நேராகப் பேசினான். ‘அது இப்ப நாங்க வாங்கறதே இல்லக்கா. யார் வந்து ரெஜிஸ்டரைக் கேப்பாங்கன்னு தெரியாது. மாசத்துக்கு நாலு ஸ்ட்ரிப் விக்கறதுக்கு எவன்கா பதில் சொல்லிட்டு இருக்கறது?’ அவன் கணக்கு சரிதான். 2018 ஏப்ரலில் டிரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. போதைக்காக விற்பவர்கள் அதற்குப் பிறகு கடையை மூடிவிட்டுப் போகவில்லை. அந்த அறிவிப்பில் இடம்பெறாத டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையின் பெயர் செய்திகளில் வரத் தொடங்கியது. கடையில் பில் போட்டு வாங்க வந்தவர்களுக்குத்தான் கதவு மூடியது. எங்கள் அலுவலகத்தில் முடக்குவாதத்தோடு வேலை பார்க்கும் ஒரு தோழி, மோசமான நாட்களுக்கென்று மாதம் ஏழெட்டு டிரமடால் வைத்திருப்பாள். இப்போது அந்த நாட்களில் லீவு போடுகிறாள்.

சட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்டிபிஎஸ் என்று வழங்கும் போதை மருந்துகள், மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. கடத்தலுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. பயன்படுத்துகிறவர் சொந்தத்துக்கு வைத்திருக்கும் சிறு அளவுக்கு மட்டும் விலக்கு இருந்தது. மற்றபடி அளவைப் பொறுத்துத் தண்டனையைப் பிரித்தது 2001-ல்தான். மருத்துவத்துக்கு மார்ஃபின் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் மாநிலங்கள் எழுதிய விதிகளின்படி ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க, பல இடங்களில் நான்கைந்து உரிமங்கள் வேண்டும். கலால் துறை உட்பட வெவ்வேறு துறைகள் தருபவை. எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். ஒன்று வருவதற்குள் இன்னொன்று முடிந்துபோகும். மருந்துக்கடைகள் ஒதுங்கின, மருத்துவமனைகள் ஒதுங்கின. அந்தச் சட்டம் வந்து 12 ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்தது. 1997-ல் இந்தியா முழுவதும் பயன்பட்டது 18 கிலோ. அந்த ஆண்டுகளில் படித்து வெளியே வந்த டாக்டர்களில் பலர் மார்ஃபின் சீட்டு ஒன்றைக்கூட எழுதாமலேயே மூத்த டாக்டர்கள் ஆனார்கள்.

இந்த 18 கிலோவின் பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். மருந்துக்காகச் சட்டபூர்வமாக அபின் கசகசாச் செடி பயிரிட்டு, அதன் காயைக் கீறிப் பாலெடுத்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் வயல்கள். நீமச்சிலும் காஜிபூரிலும் அரசாங்கத்தின் சொந்த ஆலைகள். காஜிபூர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. உலகத்தின் வலிக்கு மூலப்பொருள் கொடுத்த நாட்டில்தான் சித்தி துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். 2017-ல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவில் கிடைத்த ஓபியாய்டு வலி மருந்து தேவையில் 4 சதவீதம்.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. வலிதணிப்புக்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர்களின் வெற்றி அது, திருவனந்தபுரத்து எம். ஆர். ராஜகோபாலின் பெயரை இங்கே சொல்லாமல் போனால் தப்பு. 2015 மே மாதம் மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உட்பட ஆறு மருந்துகள் தனி வகையாக அறிவிக்கப்பட்டன. நான்கைந்து உரிமங்களுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. நல்ல திருத்தம். ஆனால் அந்த வகைக்குத் தமிழில் பெயர் சொல்லிப் பாருங்கள்: இன்றியமையாத போதை மருந்துகள். ‘போதை’ முன்னால் வந்த பிறகு பின்னால் வரும் ‘மருந்து’க்கு என்ன மரியாதை மிஞ்சும்? ‘நார்காட்டிக்’ என்ற சொல்லின் கிரேக்க வேரில் இருப்பது மரத்துப்போதல். தமிழில் அதைப் போதை என்று பெயர்த்தபோதே நோயாளி குடிகாரனின் வரிசையில் நிறுத்தப்பட்டுவிட்டாள். சித்தியின் தம்பி, என் மாமா, மார்ஃபின் என்றதும் கேட்ட முதல் கேள்வி: ‘அக்காவுக்குப் போதை மருந்தா குடுக்கப் போற?’

ஆறு மாதமோ எட்டு மாதமோ என்று நாள் குறிக்கப்பட்ட ஒரு பெண் அடிமையாகிவிடுவாள் என்று கவலைப்பட்டவர்களில் மாமா மட்டும் இல்லை, வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் இருந்தார்கள். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் அதைத் தேடி அலைவது வேறு என்பதை எனக்கு விளக்கியவர் கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்த நகரத்து மருத்துவமனையில், வலிதணிப்புப் பிரிவில் இருந்த ஒரு செவிலியர். அவர் சித்தியிடம் எண் கேட்டார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? சித்தி எண்ணைச் சொல்லவில்லை. ‘ராத்திரில குடையுது. விடியக்கால சுண்டி இழுக்குது. உக்காந்தா எரியுது. நடுவுல ஒண்ணு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அத எதுல சேக்கறதுன்னு தெரியலம்மா.’ செவிலியர் அத்தனையும் எழுதிக்கொண்டார். எரிவதும் தெறிப்பதும் நரம்பு வலி, அதற்கு வேறு மாத்திரை கூடச் சேர்க்கவேண்டும் என்றார்.

எலைன் ஸ்கேரியின் ‘தி பாடி இன் பெயின்’ வெளிவந்ததும் இதே 1985-ல்தான். வலி மொழியை அழித்துவிடுகிறது என்பது அந்தப் புத்தகத்தின் மையமான வாதம். நோயைப் பேச ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று அதற்கு 60 வருடம் முன்பே வர்ஜினியா வுல்ஃப் குறைப்பட்டிருக்கிறார். இரண்டையும் மாணவியாக இருந்தபோது அடிக்கோடிட்டுப் படித்தவள் நான். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அவை முழுக்கப் பொருந்தவில்லை. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடுங்கல், குத்தல் என்று நம் வீட்டுப் பெண்களிடம் வலிக்குச் சொல் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை, படிவத்தில் கட்டம் இல்லை. சித்தியின் மொழி வலியால் அழிந்துவிடவில்லை. அதற்கு முதன்முதலாகக் காது கொடுத்த இடத்துக்குப் போய்ச்சேரவே எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மட்டும் இரண்டு, தூக்கம் கலையாமல் இருக்க. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அதை விட்டுவிடாதீர்கள் என்று செவிலியர் மூன்று முறை சொன்னார். ஒரு நாளைக்கு 6 மாத்திரை, 14 நாளுக்கு 84. விலை சொற்பம், காப்புரிமை இல்லாத பழைய மருந்து. தள்ளி விற்று லாபம் பார்க்க முடியாத மருந்துக்கு விளம்பரப் பிரதிநிதி யாரும் பை தூக்கிக்கொண்டு அலைவதில்லை என்பதும் இந்தக் கதையில் உண்டு. மூன்றாம் நாள் சித்தி எழுந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அதைப் பார்த்துவிட்டு மாமா அதற்குப் பிறகு போதை என்று பேசவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த 84 மாத்திரைக்காக நான் அரை நாள் லீவு போட்டேன். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயில், இறங்கிப் பேருந்து, வரிசை, கையெழுத்து, திரும்பிப் பேருந்து, ரயில். வழியில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடத்தின் பெயரை ரயில் நிலையமே சுமக்கிறது. எங்கள் பகுதி நோய்க்குப் புதிதில்லை. கைப்பையில் இருப்பது மொத்தம் 840 மில்லிகிராம். சீட்டு இருக்கிறது, சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் பிளாட்பாரத்தில் ரயில்வே போலீஸார் பைகளைத் திறக்கச் சொல்லும் நாட்களில் என் கை வியர்க்கும். அந்தப் பயணத்தின் கடைசி அரை கிலோமீட்டரில் ஒரு டாஸ்மாக் கடை. 2003-லிருந்து மாநில அரசே சில்லறையில் மது விற்கிறது. அதை வாங்க எவரும் லீவு போடவேண்டியதில்லை, கையெழுத்துப் போடவேண்டியதில்லை. போதைக்கு எதிரான அரசு என்ற சொற்றொடரை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தத் தெருத் திருப்பம் ஞாபகம் வரும்.

வாங்கப் போவது யார் என்பதையும் கவனித்தேன். வரிசையில் என் முன்னும் பின்னும் மகள்கள், மருமகள்கள், மனைவிகள். கொள்கையை எழுதுகிறவர்கள் ‘நோயாளி’ என்று ஒருமையில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னாலும் சம்பளம் இழந்த ஒரு பெண்ணின் அரை நாள் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரும் பெண்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுப்பார். நோய் ஆதரவுச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. செவிலியர் ஒருமுறை வந்து சித்தியின் புண்ணைச் சுத்தம் செய்து, துணி மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். மனசுக்கு அது எவ்வளவோ பெரிய உதவி. மார்ஃபினுக்கு மட்டும் நகரத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.

இதுவரை எழுதியதை மாடிவீட்டு அக்கா படித்தால் பாதியில் கீழே வைத்துவிடுவார். அவர் மகனுக்கு அப்போது 20 வயது. முந்தின வருடம் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடியில் நீலம் பாய்ந்து கிடந்தான். ‘இந்த மாத்திரையக் கண்டுபுடிச்சவன் வெளங்குவானா’ என்று அக்கா அழுத ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை கடுமையான சட்டம் வந்தாலும் போதாது என்பார். பெண்களின் அரசியலில் இந்தக் குரலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1992-ல் நெல்லூர் துபகுண்டா பெண்கள் சாராயக் கடைகளை மூட வைத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம், நியாயமான பெருமை. தடை கேட்டவர்கள் பெண்கள். தடையின் நிழலில் மருந்தில்லாமல் கிடப்பவர்களும் பெண்கள். இந்த இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைக்கப் பெண்ணியம் இன்னும் பழகவில்லை என்பது என் புகார். புகாரில் நானும் அடக்கம்.

அமெரிக்காவைச் சுட்டிக்காட்டுவார்கள். காட்டட்டும். 1996-ல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டினை இறக்கி, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றது; அதன் பிணங்களை அந்த நாடு இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. நீடித்த எல்லா வலிக்கும் ஓபியாய்டு தீர்வில்லை என்பதும் உண்மை. முதுகுவலிக்கெல்லாம் மார்ஃபின் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அங்கே அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2016-ல் மருந்தைக் குறைக்கச் சொல்லி வழிகாட்டுதல் வந்ததும், வருடக்கணக்காக மருந்தில் நின்ற நோயாளிகளைத் திடீரென்று நிறுத்தினார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து 2022-ல் அந்த வழிகாட்டுதலையே திருத்த வேண்டிவந்தது. ஒரு கம்பெனியின் பேராசையால் அங்கே வழிந்ததைக் காட்டி, தேவையில் 4 சதவீதம் கிடைக்கும் இடத்தில் குழாயை மூடுவது என்ன தர்க்கம்?

மாடிவீட்டுத் தம்பிக்கு வருகிறேன். சிகிச்சை எடுத்துத் தேறிக்கொண்டிருந்தான். (நாக்கடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின்தான் கொடுத்தார்கள், அதுவும் ஓபியாய்டு, அதுவும் இதே சட்டத்தின் கீழ்.) நான் ஆபீசில் இருக்கும் மதியங்களில் சித்திக்கு டீ போட்டுக் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவான். நான் மாத்திரை அட்டைகளை அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டு, பகலுக்கு வேண்டிய இரண்டை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைப்பேன். புரட்டாசி மாதம் சித்திக்குச் சாயங்காலங்களில் மறுபடி வலி ஏறியது. டப்பா காலியாக இருக்கும், சித்தி முனகிக்கொண்டிருப்பாள். நான்கைந்து நாள் பார்த்தேன். அப்புறம் மாடிக்குப் போய், தம்பி இனி கீழே வரவேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தலையணை உறை மாற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் கிடைத்தது. 9 மாத்திரைகள். சித்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: ‘உனக்கு லீவு கெடைக்கலன்னா? மழைல ரயில் ஓடலன்னா? தீந்துபோச்சுன்னா அந்த வலிய இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதும்மா.’ இருக்கும் வலியைச் சகித்துக்கொண்டு, வரப்போகும் வலிக்காகச் சேமித்திருக்கிறாள். இப்படி ஒளித்து வைப்பது நோயாளிகள் நிறையப் பேர் செய்வதுதான் என்று செவிலியர் பிறகு சொன்னார். அந்தத் திருட்டுக் கதையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் வாசிக்கும் செய்தியிலிருந்துதான்: வாலிபன், மாத்திரை, சந்தேகம்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ‘பரவால்லம்மா. நானே ஒங்க எடத்துல இருந்தாலும் அவனத்தான் நெனச்சிருப்பேன்’ என்றார். தம்பி உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை. சித்தி சாகும்வரை கீழே வரவும் இல்லை.

சித்தி கார்த்திகையில் போனாள். கடைசி ஒரு மாதம் பெரிய வலி இல்லை. மாத்திரை விழுங்க முடியாமல் போனபோது அந்தப் பிரிவிலேயே படுக்கை கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மீந்திருந்த 31 மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செவிலியர் அட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டில் எழுதி, என் பக்கம் திருப்பினார்.

‘பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?’

‘அக்கா மகள்.’

எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.